சேமித்துக்கொண்டே இருந்தும் காணாமல் போன கடிதம்

மூன்று பக்கக் கடிதம், இரண்டு மணி நேர உழைப்பு. லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. கடிதமும் கூடவே போனது.

நான் பயன்படுத்துவது டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஓடும் மின்னஞ்சல் நிரல். எழுதத் தொடங்கினால் விம் என்ற உரைத் திருத்தி திறக்கும், எழுதுவதெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்பில் விழும். அடிக்கடி சேமித்துக்கொண்டேதான் இருந்தேன். எங்கே சேமிக்கிறேன் என்றுதான் பார்க்கவில்லை. கோப்பு, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் இருந்தது. டெம்ப் இருந்ததோ வட்டில் இல்லை, கணினி அணைந்தால் அழிந்துபோகும் ராமில்! என் கணினியில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனில், 13ஆம் பதிப்பு முதல் இதுதான் இயல்பு. வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். படிக்காமல் அப்கிரேட் செய்தது நான்.

விம் மீட்புக்காகத் தானே எழுதிவைக்கும் ஸ்வாப் கோப்பாவது கைகொடுக்கும் என்று தேடினேன். அது இயல்பாக, திருத்தும் கோப்புக்குப் பக்கத்திலேயே உட்காரும். அதுவும் ராமோடு போயிற்று.

சரி, இடத்தை மாற்றிவிடலாம் என்று, தற்காலிகக் கோப்புகள் எங்கே போக வேண்டும் எனச் சொல்லும் டெம்ப்டிர் மாறியை, டெர்மினலில் தட்டும் கட்டளைகளை இயக்கும் பாஷின் அமைப்புக் கோப்பில் எழுதினேன். ஒரு மாலை முழுக்க எதுவும் மாறவில்லை. நான் நிரலைத் திறப்பது மெனுவில் இருக்கும் ஐகானிலிருந்து. அந்த வழியில் பாஷ் அமைப்பு படிக்கப்படுவதே இல்லை. நீங்களும் மாற்றினால் உடனே சோதித்துப் பாருங்கள்: விம்மில் 1 தட்டி கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் கோப்பின் முழுப் பாதை கீழே தெரியும்.

அப்புறம் நிரலின் சொந்த அமைப்பிலேயே பாதையைக் கொடுத்தேன். அதிலும் ஒரு சொதப்பல். நான் காட்டிய கோப்புறை மேகச் சேமிப்போடு (இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம்) ஒத்திசைவது. பாதி எழுதிய கடிதம், திட்டி எழுதி அழித்த வரிகளோடு, என் மற்ற கணினிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

‘வார்’ கோப்புறைக்குள் இன்னொரு டெம்ப் உண்டு, ரீபூட்டைத் தாங்கும். ஆனால் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான இடம். லினக்ஸின் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 30 நாளில் பழையதைப் பெருக்கியும் விடும். எனக்கு அது வேண்டாம். என் சொந்தக் கோப்புறையான ஹோமிலேயே ஒரு மறைவுக் கோப்புறை வைத்தேன், அனுமதி 700, அதாவது என் கணக்குக்கு மட்டும். பாதி எழுதிய நிலையில் வேண்டுமென்றே பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரும்ப வந்து பார்த்தால் கோப்பு அப்படியே இருந்தது.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. நிரல் பாதியில் செத்தால், மின்னஞ்சலோடு வந்து நான் திறந்து பார்த்த இணைப்புக் கோப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றை நான்தான் அவ்வப்போது போய் அழிக்கிறேன்.