முதிரைப் பேனையில் ஒரு பித்தளைக் கோடு

மார்கழி மழைக்கு வெளியே தலை காட்ட முடியாத நாட்களில் தொடங்கிய வேலை இது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் மரம் கடைகிற சின்ன லேத் ஒன்று வைத்திருக்கிறேன். வெறும் மரப்பேனை ஐந்தாறு கடைந்தாயிற்று. இந்த முறை மரத்துக்கு நடுவே மோதிரம் போட்டதுபோல் மெல்லிய உலோகக் கோடு வரவேண்டும் என்று ஆசை. மரத்துக்கு அம்மம்மாவின் உடைந்த கட்டிலின் முதிரைக் கால் இருந்தது, கொட்டிலில் சும்மா கிடந்தது. முதிரை மஞ்சள் மரம். கடைந்து மினுக்கினால் பட்டுத்துணி மாதிரி ஒளி ஓடும்.

முதலில் சோடாப் பேணியை வெட்டி நடுவே வைத்தேன். கைச்செலவு இல்லை, கத்தரிக்கோலே வெட்டும். ஆனால் பேணியின் வெளிப்பக்கம் பெயின்ற், உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் பூச்சு. பசை அலுமினியத்தைப் பிடிக்காமல் பூச்சைத்தான் பிடித்தது. உளி பட்டவுடன் கட்டை இரண்டாகக் கழன்று மேசைக்கடியில் ஓடியது. பூச்சை இரண்டு பக்கமும் சாண்ட் பேப்பரால் உரசி எடுத்திருந்தாலும், அந்தத் தகடு மயிர்க்கோடு அளவுதான் தெரிந்திருக்கும். அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது அரை மில்லிமீற்றர் பித்தளைத் தகடு. சதுரமாக வெட்டி, சுப்பர் குளூ போட்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ஒட்டினேன். கல் மாதிரி இறுகிவிட்டது. பேனைக்குள்ளே போகிற குழாய்க்காக 7 மில்லிமீற்றர் பிட்டால் நீளவாக்கில் துளைத்தபோது மரம் வரைக்கும் வெண்ணெய் வெட்டுவது போலப் போனது. பிட் தகட்டில் முட்டியதும் ஒரு கிறீச். அடுத்த நொடி மேல்பாதி தனியே சுற்றியது, கட்டை பிளந்தது, தகட்டு முனை பெருவிரலைக் கிழித்தது. இன்னொரு கட்டையிலும் அதே கதை. பித்தளை துளைக்கும்போது சூடாகிறது, அந்தச் சூட்டை நேரே ஒட்டுக்குக் கடத்துகிறது. சுப்பர் குளூ சூட்டுக்கு இளகும், அதிர்ச்சிக்கு நொறுங்கும். பிட் வேறு மெல்லிய தகட்டை வெட்டாமல் கவ்விக்கொண்டு சுழற்றும்.

கட்டில் கால் கடைகிற காத்தான்குடி ஓடாவியாரிடம் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மனே, மாலை கோக்கிற ஆள் பூவ ஒட்டிப்போட்டா ஊசி குத்துற?” என்றார். “இல்ல காக்கா” என்றேன், வேறென்ன சொல்வது!

அதன் பிறகு எல்லாவற்றையும் தனித்தனியே துளைத்தேன். பித்தளைத் துண்டுகளை இரண்டு பிளைவூட்டுக்கு நடுவே திருகி இறுக்கித் துளைத்தால் பிட் கவ்வாது, விளிம்பும் பிசிறாது. மரத்துண்டுகளின் முகம் துளைக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். கண்ணாடித் தட்டில் சாண்ட் பேப்பர் ஒட்டி ஒவ்வொன்றையும் அதில் தேய்த்தேன். இந்த வேலையில் அவசரப்பட்டால் பித்தளைக் கோட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாகப் பசைக்கோடு ஒன்று நிற்கும், என்ன மினுக்கினாலும் போகாது. தகட்டின் இரு முகத்தையும் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, அதற்குப் பிறகு விரல் படவிடவில்லை. பிறகு குழாயில் மரம், பித்தளை, மரம் என்று எபொக்சிப் பசை போட்டுக் கோர்த்தேன். குழாய்க்குள்ளே மெழுகு தடவிய மறைக்கம்பி (திருகு வெட்டிய கம்பி), இரண்டு பக்கமும் நட். கோர்வை குழாயைவிடச் சற்று நீளமாக இருந்தால்தான் நட் மரத்தை அழுத்தும். ஒரு முழு நாள் தொடவில்லை. வீட்டில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தது யார் என்று இன்னும் தெரியாது.

லேத்தில் சுற்றவிட்டால் சத்தத்திலேயே தெரியும்: மரத்தில் சர்ரென்று போகிற உளி, பித்தளையில் டிக் டிக் என்று தட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை உளியைத் தீட்டி, நுனியால் சுரண்டுவது மாதிரிதான் எடுத்தேன். கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே வேண்டாம், பித்தளைத் தூள் ஊசி மாதிரிப் பறக்கிறது. கடைசியில் பேனை நுனியில் குழாய்க்கு மேலே மரம் ஒரு மில்லிமீற்றர்கூட மிஞ்சாது. 20 மில்லிமீற்றர் சதுரமாக நான் வெட்டிய தகட்டில் தங்கியது ஒரு மெல்லிய வளையம்தான்.

சாண்ட் பேப்பர் பிடித்ததும் மஞ்சள் முதிரையில் சாம்பல் பூசியது மாதிரி ஒரு அழுக்கு. உலோகத்தூள் மரத்தின் நுண்துளைக்குள் போய்விட்டது. துடைத்தால் இன்னும் பரவும். அந்தப் படையை உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, தூளை ஊதி, முதலில் மெல்லிய சுப்பர் குளூவைப் பூச்சாக இரண்டு தரம் தடவினேன். அதற்குப் பிறகு தேய்த்தது பூச்சை மட்டும்தான். ஒட்டுக்கு உதவாத சுப்பர் குளூ பூச்சுக்கு நல்ல வேலைக்காரன். அது இல்லையென்றால் கடற்காற்றுக்குப் பித்தளை ஒரு மாதத்தில் கறுத்துவிடும். கருங்காலி மாதிரிக் கறுப்பு மரமாக இருந்தால் இந்தத் தலையிடியே இல்லை, அழுக்குத் தெரியாது.

சரிவாக வெட்டி முடிச்சுப்போல் கோடுகள் பின்னுகிற வகையையும் ஒருநாள் முயன்றேன். வாள் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தின்கிறது, தகடு அரைதான், ஆகவே எதிர்ப்பக்கத்தில் கோடு கோட்டைச் சந்திக்கவில்லை. தகட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய மரச்சீவல் வைத்து அந்த இடைவெளியை நிரப்பவேண்டும். அது பிறகு.

தையில் முடித்த பேனை. இப்போது ஆனி, கச்சான் காற்று வெளுத்து வாங்குகிறது. நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போது விரல் ஏதோ ஒன்றில் தடுக்கியது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் பித்தளை வளையம் துளி மேலே நிற்கிறது. மழைக்கு ஒழுகிய கொட்டிலில் கிடந்த கால், ஈரத்தோடே கடைந்துவிட்டேன். மரம் வற்றிச் சுருங்கிவிட்டது, பித்தளை சுருங்குமா? அடுத்த கட்டைகளைத் துண்டு துண்டாக அரிந்து தகரக் கூரைக்குக் கீழே அட்டத்தில் போட்டிருக்கிறேன். ஆவணி வரைக்கும் கிடக்கட்டும்.