இடக்கரையா, வலக்கரையா: பஸ்ஸாவ் முதல் வியன்னா வரை டான்யூப் நாட்குறிப்பு

ஜூன் 6, 2025, வெள்ளி. பஸ்ஸாவ்

தெற்கிலிருந்து இன், வடக்கிலிருந்து இல்ஸ் என்று இரண்டு ஆறுகள் டான்யூபோடு சேரும் முனையில் இருக்கிறது ஜெர்மன் நகரமான பஸ்ஸாவ். ஆல்ப்ஸ் பனி உருகி வரும் இன் வெளிர்பச்சை. காட்டுச் சதுப்புகளிலிருந்து வரும் இல்ஸ் கறுப்பு. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறங்கள் தனித்தனியாகவே ஓடுகின்றன. நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் 3 அன்று ஆற்றின் அளவுமானி 12.89 மீட்டர் காட்டியது.

இங்கிருந்து நாங்கள் இருவரும் போகப்போகும் ஆற்றோரச் சைக்கிள் பாதை வியன்னா வரை சுமார் 320 கி.மீ. மொத்த இறக்கம் 140 மீட்டர் அளவுதான், ஆகவே ஏற்றம் இறக்கம் பற்றிய கவலை வேண்டாம். யோசிக்க வேண்டியது கரையைத்தான். அநேகமாக இரண்டு கரையிலும் பாதை உண்டு. ஒன்று நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும்போது மற்றது காட்டுக்குள் போகும். பத்து இருபது கி.மீ. கழித்து நிலைமை தலைகீழாகும். எங்கே கடப்பது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட வேண்டும். ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கை இடக்கரை. இந்தப் பாதையில் அது அநேகமாக வடகரை. கரையோரக் கிலோமீட்டர் பலகைகள் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணப்படுபவை. பஸ்ஸாவில் 2226, வியன்னாவின் ரைக்ஸ்ப்ரூக்க பாலத்தில் 1929. கீழ்நோக்கிப் போகப் போக எண் குறையும்.

வாடகை சைக்கிள் இரண்டையும் வாங்கியதும் பார்க்க வேண்டியவை: பிரேக் கட்டையில் தேய்மானக் கோடு தெரிகிறதா, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம் இருக்கிறதா, கேரியர் போல்ட் நான்கும் இறுக்கமா, வால்வ் எந்த வகை. இங்கே மூன்று வகை புழக்கத்தில் உள்ளன: கார் டயரில் இருப்பது போன்ற தடித்தது, மெல்லிய பிரெஸ்டா, நம் ஊர் சைக்கிளில் இருக்கும் அதே டன்லப். எங்கள் இரண்டிலும் பிரெஸ்டா. பம்பின் வாய் அதற்குப் பொருந்துகிறதா என்பதைக் கடை வாசலிலேயே காற்றடித்துப் பார்த்துவிட வேண்டும். டயர் 40 மி.மீ. அகலம், மூட்டையோடு பின்சக்கரத்துக்கு 60 பிஎஸ்ஐ, முன்சக்கரத்துக்கு 50.

ஆளுக்கு இரண்டு பக்கப் பை. கனமானவை அடியில், பெடல் பக்கம் தள்ளி. குதிகால் இடிக்காத அளவுக்கு மட்டும் பின்னால். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. வேகமாக மிதிப்பவர் கனத்தை எடுத்துக்கொண்டால் இருவர் வேகமும் தானாகவே ஒன்றாகிவிடும். மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும். பம்ப், டியூப், கருவிப் பை மூன்றும் பின்னால் வருபவரிடம் இருக்க வேண்டும். கருவியோடு ஒருவர் மூன்று கி.மீ. முன்னே போய்விட்டால் பஞ்சரானவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஜூன் 7, சனி. பஸ்ஸாவ் – ஷ்லோகன்

காலையில் முதல் வேலை கடை. ஞாயிறன்று ஆஸ்திரியாவில் கடைகள் மூடியிருக்கும். இந்த வாரம் திங்களும் பெந்தெகொஸ்தே விடுமுறை. ரொட்டி, சீஸ், தக்காளி, வாழைப்பழம் என்று இரண்டு நாளைக்கு வாங்கியாயிற்று. தவறவிட்டால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும்தான் கதி.

பஸ்ஸாவிலிருந்து முதல் இருபது கி.மீ. இரு கரையிலும் சாலைச் சத்தம் உண்டு. நாங்கள் பிடித்தது இடக்கரை, ஓபர்ன்ஸெல் வழி. யோகன்ஷ்டைன் மின் நிலையத்தில் அணையின் மேலேயே சைக்கிளோடு அக்கரைக்குப் போகலாம். ஜெர்மனி ஆஸ்திரியா எல்லை ஆற்றின் நடுவே போகிறது. கடக்காமல் இடக்கரையிலேயே தொடர்வதுதான் சரி. இங்கிருந்து கார் வராத பாதை. ஒரு பக்கம் செங்குத்தான காடு, மறுபக்கம் ஆறு.

ஆனால் இந்தக் கரை ஆவ் என்ற சிற்றூரில் நின்றுவிடும். அதற்குமேல் மலை நேராக நீருக்குள் இறங்குகிறது. ஆவிலிருந்து எதிரே ஷ்லோகனுக்கு ஒரு படகு. பாதையற்ற பகுதியைத் தாண்டி அதே கரையில் கிராஃபெனாவில் இறக்கிவிட இன்னொரு படகு. இரண்டும் பருவகாலச் சேவை, கடைசிப் படகின் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். தவறினால் நீடர்ரன்னா பாலத்துக்கு ஏழெட்டு கி.மீ. திரும்பி வர வேண்டும். கட்டணத்துக்குச் சில்லறை யூரோ தனியாக இருக்கட்டும்.

ஷ்லோகனில் டான்யூப் அடுத்தடுத்து இரண்டு முறை வந்த திசைக்கே திரும்புகிறது. நிலம் உயர்ந்தபோதும் ஆறு தன் பழைய வளைவை விடாமல் கருங்கல் பாறையை அறுத்துக்கொண்டே இறங்கியதால் வந்த வடிவம் இது. கரையிலிருந்து பார்த்தால் வளைவு புரியாது. சைக்கிளைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் காட்டுப்பாதையில் ஏறினால் ஷ்லோகனர் ப்ளிக் என்ற மேடு வரும். மொத்த வளைவும் அங்கிருந்துதான் தெரியும். ஏற்றத்தில் வேர்களும் ஈரக் கற்களும் இருப்பதால் வழுக்காத செருப்போ ஷூவோ வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு. ஷ்லோகன் – லின்ஸ்

ஷ்லோகனிலிருந்து ஆஷாக் வரை வலக்கரை. இன்ஸெல், கோப்லிங் வழியே போகும் அமைதியான பாதை. ஆஷாக் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்து சமவெளியாகிறது. கரைமேட்டின் மேல் நேர்கோடாகத் தார்ப்பாதை. மேற்குக் காற்று அடித்தால் மிதிக்காமலே போவது போலிருக்கும். கீழ்நோக்கிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் காற்றுதான் அமையும். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இதே மேட்டில் மணிக்கு 12 கி.மீ. எட்டுவதே கஷ்டம். அப்போது ஒருவர் பின் ஒருவராக, ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வது நல்லது.

ஓட்டன்ஸ்ஹைமில் படகுத்துறைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இங்குள்ள படகை நகர்த்துவது ஆற்றின் ஓட்டம். ஆற்றின் குறுக்கே உயரத்தில் இரும்புக் கயிறு. அதில் உருளும் கப்பி. கப்பியிலிருந்து படகுக்கு இழுகயிறுகள். படகைக் கரையிலிருந்து விலக்கி ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார்கள். நீர் அதன் பக்கவாட்டில் மோதித் தள்ளுகிறது. கயிறு கீழே போகவிடாமல் பிடிப்பதால் படகுக்கு அக்கரையை நோக்கி நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. திரும்பி வரச் சாய்வை மாற்றினால் போதும். கார்களையும் ஏற்றிக்கொண்டு சத்தமே இல்லாமல் போகிறது. வெள்ளமோ நீர்க்குறைவோ வந்தால் படகு நிற்கும். அந்த நாட்களில் பாலத்தையோ அணையையோ கணக்கில் வைத்துக் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓட்டன்ஸ்ஹைமிலிருந்து லின்ஸ் வரை பள்ளத்தாக்கு மறுபடி குறுகி, நெடுஞ்சாலையும் ரயிலும் சைக்கிள் பாதையும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. பாதுகாப்புக்குக் குறைவில்லை, காதுக்குத்தான் இதம் இல்லை. லின்ஸ் நகருக்குள் டிராம் தண்டவாளத்தைச் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கி ஆளைக் கவிழ்க்கும். மழை நாளில் இன்னும் மோசம்.

ஜூன் 9, திங்கள். லின்ஸ் – கிரைன்

லின்ஸிலிருந்து இடக்கரை. காலை நேரத்தில் மௌட்ஹௌசன். ஊரிலிருந்து வதைமுகாம் நினைவிடத்துக்குச் செங்குத்தான ஏற்றம். மூட்டையோடு மிதிப்பது கடினம், தள்ளிக்கொண்டு போகலாம். 1938 ஆகஸ்டில் கருங்கல் குவாரிக்காகவே நாஜிகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கைதிகள் கல்லைச் சுமந்து ஏறிய 186 படிகள் இன்னும் இருக்கின்றன. இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். இறந்தவர்கள் குறைந்தது 90,000. 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்தது. அனுமதி இலவசம். இரண்டு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். தூரத்தை முடிக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போவது சரியல்ல.

பிற்பகலில் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்தது. மூட்டை வைத்த சைக்கிளில் அறுவது பெரும்பாலும் இந்தக் கம்பிதான். பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகளை நிமிர்வாகவும் அதிக இறுக்கத்தோடும் கட்டியிருப்பார்கள். சுமை கூடும்போது வளைவுப் பகுதியில் உலோகம் களைத்து அறுகிறது. மாற்றுக் கம்பி கையில் இருந்தாலும் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லாமல் செருக முடியாது. விடுமுறை நாளில் கடையும் இல்லை.

தற்காலிக வழி இது. அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றி டேப் ஒட்ட வேண்டும். ரிம் அந்த இடத்தில் எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் இழுபட்டிருக்கும். அறுந்த கம்பிக்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகள் இரண்டையும் கம்பிச் சாவியால் கால் சுற்றுத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. முழுக் கோட்டமும் போகாது. பிரேக் கட்டையில் உரசாமல் இருந்தால் போதும். பிறகு அந்தச் சைக்கிளின் பைகளில் கனமானதை மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். இப்படி ஐம்பது கி.மீ. தாராளமாகப் போகலாம், குழிகளில் மட்டும் சீட்டிலிருந்து எழுந்து நின்று போக வேண்டும்.

கிரைனில் 1791இல் தொடங்கிய சிறிய நாடக அரங்கு அப்படியே இருக்கிறது. கரையோரம் தரையில் உலோகச் செருகுகுழிகள் வரிசையாகத் தெரியும். வெள்ள எச்சரிக்கை வந்தால் அவற்றில் தூண் நட்டு, இடையில் பலகைகளை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்புவார்கள்.

ஜூன் 10, செவ்வாய். கிரைன் – மெல்க்

கிரைனில் கடந்து இப்ஸ் வரை வலக்கரை, இடக்கரையில் லாரிகள். ஒருகாலத்தில் படகோட்டிகள் நடுங்கிய பாறைகளும் சுழல்களும் இருந்த இடம் இது. பாறைகளை வெடிவைத்து உடைத்தார்கள். பிறகு 1959இல் முடிந்த இப்ஸ்-பெர்சன்பாய்க் அணை நீர்மட்டத்தை உயர்த்தி மீதியை மூழ்கடித்துவிட்டது. இப்போது ஏரி மாதிரி அசையாத நீர்.

இப்ஸில் கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்தாயிற்று. கடைக்காரரிடம் மற்றக் கம்பிகளின் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்வது அவசியம். ஒன்று அறுந்தால் அதன் சுமை அண்டைக் கம்பிகளுக்குப் போயிருக்கும். சைக்கிள் அருங்காட்சியகம் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது.

குடிநீருக்குக் குழாய் நீர் போதும். ஊர்ச் சதுக்க நீரூற்றில் “கைன் ட்ரிங்க்வாசர்” என்று பலகை இருந்தால் அது குடிப்பதற்கல்ல.

ஜூன் 11, புதன். மெல்க் – கிரெம்ஸ்

36 கி.மீ.தான், ஆனால் முழு நாளையும் கொடுக்க வேண்டிய பகுதி. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வாஹாவ் பள்ளத்தாக்கு. காலையில் மெல்க் மடாலயம்: கட்டடக் கலைஞர் யாகோப் ப்ராண்ட்டாவர் 1702இல் தொடங்கிய மஞ்சள் நிறப் பரோக் கட்டடம், ஆற்றுக்கு மேலே பாறை முனையில்.

இங்கே இடக்கரையில்தான் புகழ்பெற்ற ஊர்கள் எல்லாம். கூட்டமும் அங்கேதான். எங்கள் தேர்வு: ஆர்ன்ஸ்டோர்ஃப் வரை வலக்கரை, அங்கிருந்து கயிற்றுப் படகில் ஸ்பிட்ஸ், பிறகு இடக்கரை. வலக்கரையில் ஏப்ரிகாட் தோட்டங்கள். ஜூனில் காய் பச்சையாகவே இருக்கிறது, பழம் ஜூலை நடுவில். சாலையோர மேசைகளில் இப்போது செர்ரிதான், காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். 1908இல் கற்காலச் சுண்ணாம்புக்கல் பெண் சிலை கிடைத்த வில்லென்டோர்ஃப் ஸ்பிட்ஸிலிருந்து ஐந்து கி.மீ. மேற்கே. பதினொரு செ.மீ. உயரமுள்ள அசல் சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால் திரும்பிப் போகவில்லை.

ஸ்பிட்ஸுக்குப் பிறகு பாதை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. மலைச்சரிவில் படிப்படியாகக் கல் மதில்கள். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் பொருத்திக் கட்டியவை: மழைநீர் இடுக்குகளில் வடிந்துவிடுவதால் மண் ஊறி மதிலைத் தள்ளுவதில்லை, பகல் வெயிலை வாங்கி இரவில் கொடிக்குச் சூடு தருகின்றன. மதியம் இரண்டு மணிக்கு அந்த மதிலில் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும்.

டூர்ன்ஷ்டைன் தெருவில் கருங்கல் பாவியிருக்கிறது, கூட்டம் வேறு. இறங்கித் தள்ளுவதே மரியாதை. மேலே இடிந்து நிற்கும் கோட்டையில்தான் 1192–93 குளிர்காலத்தில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டைச் சிறைவைத்தார்கள்.

ஜூன் 12, வியாழன். கிரெம்ஸ் – டுல்ன்

மலைகள் முடிந்தன. மௌட்டர்ன் பாலத்தில் கடந்து வலக்கரை. நிழல் குறைவு; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். நீண்ட நேரம் ஹேண்டில்பாரை ஒரே நிலையில் பிடித்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்: உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குவதே காரணம். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் எடை கைக்கு இறங்கும். மட்டமாக வைத்தாலே பாதி சரியாகும்.

வழியில் ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையம். கட்டி முடித்த பிறகு 1978 நவம்பர் 5 அன்று மக்கள் வாக்கெடுப்பில் 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் ஒருநாளும் இயங்காதது. சைக்கிள் பாதை அதன் பக்கத்திலேயே போகிறது.

ஜூன் 13, வெள்ளி. டுல்ன் – வியன்னா

வலக்கரையில் கிரைஃபென்ஷ்டைன், க்ளோஸ்டர்நாய்புர்க், நுஸ்டோர்ஃப். அங்கிருந்து டான்யூப் கால்வாய் ஓரமாகப் போனால் சிக்னல் அதிகம் இல்லாமல் நகர மையம். நகருக்குள் போக வேண்டாம் என்பவர்களுக்கு 21 கி.மீ. நீளத் தீவு இருக்கிறது: வெள்ள நீருக்காக 1972 முதல் 1988 வரை புதிய வாய்க்கால் தோண்டிய மண்ணில் உருவானது, கார் இல்லாதது.

திரும்பும் ரயிலுக்கு: வட்டார ரயில்களில் சைக்கிள் டிக்கெட் மட்டும் போதும், இடம் இருந்தால் ஏற்றலாம். ரெயில்ஜெட் போன்ற விரைவு ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். கோடை வார இறுதிகளில் இடங்கள் முதலிலேயே தீர்ந்துவிடும். பிளாட்பாரத்தில் ரயில் வருவதற்குள் பைகளைக் கழற்றிவிட வேண்டும். ஒருவர் உள்ளே ஏறி வாங்க, மற்றவர் கீழிருந்து கொடுக்க, முதலில் சைக்கிள், பிறகு பைகள்.