ஃபோர்க் ஆகும் முன் எது திறந்திருந்தது?

காலை 10:07க்கு போன். நாங்கள் நடத்தும் மாணவர் சைட்டைப் பயன்படுத்தும் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். "சார், ஒரு பையன் லாகின் பண்ணினா வேற ஒரு பொண்ணோட பேரும் மார்க்கும் வருதுங்க. ரீஃப்ரெஷ் பண்ணினா சரியாயிடுது. பக்கத்து சிஸ்டத்துலயும் அப்படித்தானுங்க."

சைட் மெதுவாக இருக்கிறது, திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வரும் போன்கள் எனக்குப் பழக்கம். இது அந்த ரகம் இல்லை. ஒரு மாணவியின் மதிப்பெண்ணையும் வீட்டு போன் நம்பரையும் யாரோ பார்த்துவிட்டார்கள். கை சில்லிட்டுப் போனது. 10:09க்கு எஞ்சின்எக்ஸில் (வருகிறவர்களை முதலில் எதிர்கொள்ளும் வெப் சர்வர்) 'பராமரிப்பு நடக்கிறது' பக்கத்தைப் போட்டு சைட்டை மூடினேன்.

முதல் சந்தேகம் கேஷ் மேல். ஒருவருக்குத் தயாரான பக்கத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதோ என்று பார்த்தேன். கேஷ் எங்குமே போடவில்லை. யார் லாகின் செய்திருக்கிறார் என்று நினைவில் வைக்கும் செஷனும் சரியாக இருந்தது. 10:40க்கு சைட்டைத் திறந்து நானும் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் மாற்றி மாற்றி லாகின் செய்தோம். எல்லாம் சரி. தானாக வந்தது தானாகப் போய்விட்டது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

எங்கள் அமைப்பு எளிமையானது. 2 கோர், 2 ஜிபி மெமரி உள்ள ஒரே மெஷின். முன்னால் எஞ்சின்எக்ஸ், பின்னால் பைத்தான் ஆப்பை ஓட்டும் குனிகார்ன் சர்வர், அதற்குள் ஆப் எழுதப்பட்ட ஜாங்கோ ஃபிரேம்வொர்க். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸும் அதே மெஷினில்தான். குனிகார்ன் என்பது ரூபி உலகத்தின் யூனிகார்ன் சர்வரைப் பார்த்து 2010 வாக்கில் பைத்தானுக்காக எழுதப்பட்டது. ஃபோர்க் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், அதாவது ப்ராசஸ், தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிப்பது. இரண்டும் ப்ரீ-ஃபோர்க் வகை. அதாவது ஒரு ரிக்வெஸ்ட் வந்த பிறகு அதற்காக ஒரு ப்ராசஸைப் பிறப்பிப்பதில்லை, முன்கூட்டியே பிறப்பித்து வரிசையாக உட்கார வைத்துவிடுகிறது. இந்த யோசனை பழசு. 1995இல் ராபர்ட் தாவ் அப்பாச்சி வெப் சர்வருக்காக வடிவமைத்த புது அமைப்பிலேயே, தேவைக்கு ஏற்ப வொர்க்கர்களை (வேலை செய்யும் ப்ராசஸ்களை) முன்கூட்டி ஃபோர்க் செய்து வைக்கும் முறை இருந்தது. இன்றைக்கும் அப்பாச்சியில் ப்ரீஃபோர்க் என்ற பெயரிலேயே அது இருக்கிறது.

இதில் மற்றவற்றைப் பிறப்பிக்கும் மாஸ்டர் ப்ராசஸ் எந்த ரிக்வெஸ்டையும் தொடாது. வொர்க்கர்களைப் பெற்றெடுப்பது, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது, 30 நொடி அசைவில்லாமல் இருந்தால் கொன்றுவிட்டு வேறொன்றைப் பிறப்பிப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. ரிக்வெஸ்டுகள் வந்து சேரும் சாக்கெட்டை (ப்ராசஸ் வெளியோடு பேசும் வழி) மட்டும் அது முதலிலேயே திறந்து வைத்துவிடும். அதற்குப் பிறகு ஃபோர்க். அம்மா திறந்து வைத்த சாக்கெட்டைக் குழந்தைகள் அத்தனை பேரும் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த ரிக்வெஸ்டை யாருக்குக் கொடுப்பது என்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் பார்த்துக்கொள்ளும். ப்ரீ-ஃபோர்க்கின் பலமே இந்தப் பரம்பரைச் சொத்துதான். அன்று என்னைக் கவிழ்த்ததும் இதேதான்.

மதியம் ஜர்னல் லாகை (சர்வரில் நடந்தவற்றின் பதிவு) வரி வரியாகப் படித்தேன். 10:02க்கு, ஒரு ஃபீஸ் கணக்குத் திருத்தத்தை டெப்ளாய் செய்திருந்தேன், அதாவது சைட்டில் ஏற்றியிருந்தேன். அதிலிருந்து 10:09க்குள் பதினொரு எரர்கள். எல்லாம் போஸ்ட்கிரெஸ் லைப்ரரியிலிருந்து வந்தவை, எல்லாம் ஒரே மாதிரி: ஸ்டேட்டஸ் 'டியூப்பிள்ஸ் ஓகே', விளக்கம் எதுவும் இல்லை. எரர் என்று கத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லாம் ஓகே என்கிறது. மூன்று வாரத்து லாகையும் புரட்டினேன். இதே எரர் இரண்டே இரண்டு முறை, இரண்டும் ராத்திரி 11 மணி டெப்ளாய்க்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள். ராத்திரியில் சைட்டில் ஆள் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்பதால் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் காலையில் டெப்ளாய் செய்தேன்.

பத்து நிமிடம் என்றதும் மண்டையில் உறைத்தது. ஜாங்கோவில் டேட்டாபேஸ் கனெக்ஷனை எவ்வளவு நேரம் திறந்தே வைக்கலாம் என்று ஒரு செட்டிங் உண்டு. இயல்பாக அது 0, ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது கனெக்ஷன். நேரம் மிச்சமாகட்டும் என்று நான் அதை 600 நொடி ஆக்கியிருந்தேன்.

டெஸ்ட் மெஷினில் குனிகார்னை ரீஸ்டார்ட் செய்து, இரண்டு டெர்மினலில் இரண்டு மாணவர்களாக இடைவிடாமல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பெயர் மாறி வந்தது. போஸ்ட்கிரெஸிடம் இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஐந்து வொர்க்கர் ஓடுகிறது, ஆனால் அது காட்டியது ஒரே ஒரு வரி. பிறகு ஒவ்வொரு ப்ராசஸின் திறந்த ஃபைல்களையும், லினக்ஸ் அந்த விவரங்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் பட்டியல் எடுத்து, பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். லாகுக்குப் போகும் சாக்கெட் எல்லோரிடமும் ஒரே எண், அது சரி. ரிக்வெஸ்ட் வரும் சாக்கெட்டும் ஒரே எண், அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக 31207 என்று ஒரு சாக்கெட். ஐந்து வொர்க்கரிடமும் அதே 31207. மாஸ்டரிடமும் 31207. டேட்டாபேஸைத் தொடவே தேவையில்லாத மாஸ்டர் போஸ்ட்கிரெஸ் கனெக்ஷனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டாலும் கிணறு பொதுவில்தான் நிற்கும். ஆனால் அதற்கு முறை உண்டு: திங்கள் அண்ணனுக்கு, செவ்வாய் தம்பிக்கு. முறை இல்லாத கூட்டுக்கிணற்றில் ஒருவன் விட்ட வாளியை இன்னொருவன் இழுத்துக்கொண்டு போவான். 31207 முறை வைக்காத கிணறு. முதல் வொர்க்கர் கேள்வியை அனுப்புகிறது, இரண்டாவதும் அனுப்புகிறது, போஸ்ட்கிரெஸ் நாணயமாக இரண்டுக்கும் பதிலை அதே வழியில் திருப்பி அனுப்புகிறது. யார் முதலில் படிக்கிறாரோ அவருக்கு அந்த மாணவியின் விவரம். போஸ்ட்கிரெஸ் வேறு மெஷினில் இருந்து டிஎல்எஸ் என்ற என்க்ரிப்ஷன் முறை வழியாகப் பேசியிருந்தால், என்க்ரிப்ஷன் கணக்கு குழம்பி உடனே உடைந்திருக்கும். ஒரே மெஷினுக்குள் என்க்ரிப்ஷன் இல்லாமல் பேசும் யூனிக்ஸ் சாக்கெட் என்பதால் சத்தமில்லாமல் தப்பான பதில் போய்க்கொண்டிருந்தது. உடைவதைவிட இது மோசம்.

மாஸ்டர் கையில் அது எப்படி வந்தது? நான் வெவ்வேறு நாட்களில் செய்த மூன்று மாற்றங்கள். ஒன்று அந்த 600 நொடி. இரண்டாவது, ஜாங்கோ கிளம்பும்போது ஓடும் ரெடி ஃபங்ஷனில் துறைகளின் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து படித்து வைத்தேன். அங்கே குவெரி (டேட்டாபேஸ் கேள்வி) போடாதே என்று ஜாங்கோ ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. மூன்றாவது ப்ரீலோட். அதுவரை ஒவ்வொரு வொர்க்கரும் ஃபோர்க் ஆன பிறகு தனித்தனியாக ஆப்பை ஏற்றிக்கொண்டிருந்தது, கனெக்ஷனும் தனித்தனி. ப்ரீலோட் போட்டதும் ஆப்பை மாஸ்டர் ஒரு முறை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் ஃபோர்க் செய்கிறது.

ப்ரீலோட் போட்டதற்குக் காரணம் மெமரி. ஹால் டிக்கெட் சீசனில் கூட்டம் தாங்காமல் வொர்க்கரை ஐந்திலிருந்து ஒன்பதாக்கினேன். கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு ஒன்று என்பது குனிகார்ன் ஆவணம் சொல்லும் ஆரம்பக் கணக்கு, 2 கோருக்கு ஐந்து. அதை மீறினேன். ஒன்று 190 எம்பி வீதம் ஒன்பது. மெமரி போதாமல் லினக்ஸ் ஒவ்வொன்றாகக் கொல்ல ஆரம்பித்தது. ஹால் டிக்கெட் பிடிஎஃப் தயாரிப்பு முழுக்க சிபியு வேலை, இரண்டு கோரில் ஒன்பது பேரை உட்கார வைத்தும் ஒன்றும் வேகமாகவில்லை. ஐந்துக்கே திரும்பினேன், மெமரி பயத்தில் ப்ரீலோடையும் போட்டேன்.

அதனால் லாபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபோர்க் ஆன குழந்தை மெமரியை உடனே நகல் எடுப்பதில்லை, தான் எழுதும் பக்கத்தை (மெமரியின் சிறு துண்டு) மட்டும் எடுக்கும். இதை அளக்க ஆர்எஸ்எஸ் என்ற மெமரி கணக்கைப் பார்க்கக் கூடாது, பகிர்ந்ததையும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாகச் சேர்த்துவிடும். பகிர்ந்ததைப் பங்கு பிரித்துச் சேர்க்கும் பிஎஸ்எஸ் பார்க்க வேண்டும். எனக்கு வொர்க்கருக்கு 85 எம்பியில் ஆரம்பித்து மாலைக்குள் 130 வரை ஏறுகிறது. ஏனென்றால் பைத்தான் ஒரு ஆப்ஜெக்டைச் சும்மா பார்த்தாலே அதன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்ற கணக்கு) மாற்றி எழுதும், அந்தப் பக்கம் நகலாகிவிடும். தேவையில்லாத ஆப்ஜெக்டுகளைத் தேடி நீக்கும் குப்பை சேகரிப்பும் அப்படித்தான் எழுதித் தள்ளும். இன்ஸ்டாகிராம்காரர்கள் இதனாலேயே 2017இல் குப்பை சேகரிப்பை நிறுத்திப் பார்த்து, பிறகு அவர்கள் பங்களிப்பாக பைத்தான் 3.7இல், இருக்கும் ஆப்ஜெக்டுகளைக் குப்பை சேகரிப்பு தொடாமல் விட வைக்கும் 'ஃப்ரீஸ்' வந்தது. நானும் ஃபோர்க்குக்கு முன் அதை அழைக்கிறேன்.

திருத்தம் சின்னது. ரெடி ஃபங்ஷனிலிருந்து குவெரியை எடுத்துவிட்டு, முதன்முறை தேவைப்படும்போது படிக்க வைத்தேன். குனிகார்ன் கான்ஃபிக்கில் ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் முன்னால் மாஸ்டரில் ஓடும் ஹூக் (நாம் எழுதித் தரும் ஃபங்ஷன்) இருக்கிறது, அதில் ஜாங்கோவின் எல்லா கனெக்ஷனையும் மூடுகிறேன். குழந்தைப் பக்கம் மூடினால் அதே பொதுக் கனெக்ஷன் வழியாக 'முடிந்தது' என்ற செய்தி போய் மற்றவர்களுக்கும் அறுந்துவிடும். மூடுவது அம்மா வேலை.

ப்ரீலோட் இருந்தால் மாஸ்டருக்கு ஹெச்யுபி என்ற சிக்னல் கொடுத்து ரீலோட் செய்தாலும் புது புரோகிராம் கோட் வராது என்பதும் நினைவிருக்கட்டும். மாஸ்டர் பழையதைத்தான் திரும்பத் திரும்பப் பெறும். முழு ரீஸ்டார்ட் வேண்டும், அல்லது யுஎஸ்ஆர்2 என்ற சிக்னல் கொடுத்துப் புது மாஸ்டரை எழுப்பி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை டெர்ம் என்ற நிறுத்தும் சிக்னல் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அன்று சாயந்திரமே கல்லூரிக்கு நேரில் போய்ச் சொன்னேன், என்ன நடந்தது, யாருடைய விவரம் யாருக்குத் தெரிந்திருக்கலாம் என்று பட்டியலோடு. அந்த மாணவியிடம் பேச விரும்பினேன். அவர்களே சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள்.

டெப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசியில் இப்போது ஒரு சோதனை இருக்கிறது. எல்லா வொர்க்கரின் சாக்கெட் எண்களையும் எடுத்து ஒப்பிடும். லாக், ரிக்வெஸ்ட் இரண்டையும் தவிர வேறு எந்த எண் இரண்டு பேரிடம் இருந்தாலும் டெப்ளாயைப் பின்வாங்கிவிடும். போன மாதம் ஒரு ராத்திரி போன் வந்தது, என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண்தான். "அண்ணா, ஒரு சாக்கெட் கூடுதலா நிக்குது. டெப்ளாய் போகல." எஸ்எம்எஸ் சேவைக்கு டோக்கன் (அனுமதிக் குறியீடு) வாங்கும் வரியை அவள் ஆப் ஏறும் இடத்தில் எழுதியிருந்தாள், அந்த ஹெச்டிடிபி கனெக்ஷன் திறந்தபடியே ஃபோர்க்குக்குள் போயிருந்தது. எங்கே என்று நான் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்து, வரியை நகர்த்திவிட்டு, ஐந்து வொர்க்கரின் பட்டியலையும் எனக்கு அனுப்பினாள். பொதுவில் இரண்டே எண்கள் இருந்தன.