திருவானைக்காவில் உச்சிக்காலம்: கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இறங்குகிற ஊரிலேயே பஞ்சபூதத் தலங்களில் அப்புத்தலமான, அதாவது நீருக்குரிய தலமான திருவானைக்கா இருக்கிறது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து கிளம்பும் குழுக்கள் பலவற்றின் பயணத் திட்டத்தில், ஸ்ரீரங்கத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எட்டிப் பார்த்துவிட்டு வரும் கோயிலாகத்தான் அது வருகிறது. அது போதவே போதாது. ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்கென்றே வையுங்கள். உச்சிக்காலப் பூசையை நடுவில் வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள்.

அம்பாள் காவிரி நீரைத் திரட்டி லிங்கமாக்கிப் பூசித்த தலம் இது. அந்தப் பூசை இன்றும் நடக்கிறது. நண்பகலில் அகிலாண்டேசுவரி சந்நிதி அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, அம்பாளாகவே மேளதாளத்தோடு சுவாமி சந்நிதிக்கு வந்து ஜம்புகேசுவரரைப் பூசிக்கிறார். தொடர்ந்து கோபூசை. இங்கே சுவாமி குரு, அம்பாள் சீடை; அதனால் இந்தக் கோயிலில் திருக்கல்யாணம் கிடையாது. பிள்ளைகளின் திருமணத்துக்காக வேண்டி வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பூசை பன்னிரண்டு மணி வாக்கில். பதினொன்றரைக்கே அம்பாள் சந்நிதி முன்னால் நின்றுவிட்டால் புறப்பாட்டை முதலிலிருந்து பார்க்கலாம், பின்னாலேயே நடந்தும் போகலாம். ஸ்ரீரங்கத்தை முதலில் முடித்துவிட்டு வருவோம் என்று நினைத்தால் அங்கே வரிசை இழுத்துவிடும். இங்கே நடை சாத்தும் நேரத்துக்கு ஓடி வர வேண்டியிருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கோயில்கள்தாம், ரங்கநாதரை மாலையில் நிதானமாகச் சேவிக்கலாம்.

இன்னொன்று, பசி. தமிழ்நாட்டு நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே காலை ஐந்தரை என்றால் நம் உடம்புக்கு எட்டு, விடியலில் எழுவது சிரமமே இல்லை. ஆனால் உச்சிக்காலம் நமக்குப் பிற்பகல் இரண்டரை. ஏழு மணிக்குப் பசியாறிவிட்டுப் போனால் பூசை நேரத்தில் பெரியவர்களுக்குத் தலை சுற்றும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் பத்து மணிக்குக் கட்டாயம் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள்.

சுவாமி மேற்கு பார்த்தவர். அவருக்கு நேர் எதிரே வாசல் இல்லை. ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரம்தான் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் பலர் அந்தத் துளைகள் வழியே கும்பிட்டுவிட்டு, தரிசனம் ஆயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். அது முதல் தரிசனம் மட்டுமே. உள்ளே போகும் வாசல் பக்கவாட்டில், நன்றாகக் குனிந்து நுழையும் அளவில் இருக்கும். சிலந்தியும் யானையும் சிவபூசையில் போட்டியிட்ட கதையில், அந்தச் சிலந்திதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது. யானை நுழைய முடியாத கருவறையை அவன் கட்டியது அதனால்தான் என்பது தலபுராணம். உள்ளே இடம் குறுகல், காற்றும் குறைவு. முதுகுப் பையை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளாமல், வரிசை இளைத்த பிறகு அழைத்துப் போங்கள்.

கருவறை தாழ்வான இடத்தில் இருப்பதால் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். தீபம் காட்டும்போது லிங்கத்தின் அடிப்பக்கம் கண்ணை வையுங்கள். சுற்றியிருக்கும் வஸ்திரத்தில் ஈரம் ஏறியிருப்பது தெரியும். அப்பர் இவரைச் ‘செழுநீர்த் திரள்’ என்று பாடியது அந்த இடத்தில் நிற்கும்போதுதான் முழுதாக விளங்குகிறது. வெளியே வந்ததும் தலவிருட்சமான வெண்நாவல் மரத்தை மறக்காமல் வலம் வாருங்கள். ஜம்பு முனிவரின் தலையில் முளைத்த மரம் என்பார்கள், ஜம்புகேசுவரர் என்ற பெயரும் அதனால் வந்ததே.

அம்பாளின் காதுகளைக் கட்டாயம் பாருங்கள். உக்கிரம் தணிய ஆதிசங்கரர் சாத்தியதாகச் சொல்லும் ஸ்ரீசக்கரத் தாடங்கங்கள், அதாவது தோடுகள், அவை. எதிரே பிள்ளையாரை வைத்ததும் அதற்காகத்தான்: பிள்ளையைப் பார்த்தால் தாயின் கோபம் ஆறிவிடும் அல்லவா!

பிராகாரங்கள் ஐந்து. வெளிமதிலுக்குத் திருநீற்று மதில் என்று பெயர். கட்டியவர்களுக்கு ஈசனே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுக்க, அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னானதாம். நண்பகலில் வெயில்படும் கல்தரை கொதிக்கும், வெறுங்காலில் நடந்து பழகாதவர்களுக்குப் பாதம் கொப்பளித்துவிடும். வெளிப்பிராகாரத்தைக் காலை ஒன்பதுக்குள் சுற்றிவிட்டு, வெயில் ஏறிய பிறகு மண்டப நிழலிலேயே இருங்கள். தூண்களில் ஒற்றைக் காலில் நிற்கும் மும்மூர்த்தி வடிவத்தைத் தேடிப் பார்க்க அதுதான் நல்ல நேரம்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் தனியாகக் கையில் இருக்கட்டும். அர்ச்சனைச் சீட்டுக்கும் செருப்புக் காவலுக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டிவரும். திரும்பும்போது பூமாலை, வில்வம், பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி, பூ, பழ வகைகளை மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விபூதியும் குங்குமமும் வரலாம், ஆனால் பெயர் ஒட்டாத பொட்டலமாகக் கைப்பையில் இருந்தால் சோதனையில் கேள்வி வரும். பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.