இல்லாத கியரும் இறங்கிய எண்ணும்

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க நான் வைத்திருக்கும் செயலி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ‘புதியவை’ என்ற பட்டியலை ஒரு வரி விடாமல் படிப்பவன் நான். மெய்ப்புத் திருத்துவது தொழில். பொடி எழுத்தைக் கண்டால் தாண்டிப்போக மனம் வருவதில்லை. பட்டியலின் உச்சியில் எப்போதும் புதுச் சாலை, புதுச் சட்டை, புதுச் சக்கரம். மூடிய அறையில், மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பிவைத்து, ஹேண்டில்பாரில் துண்டைப் போட்டுக்கொண்டு மிதிக்கிறவனுக்குத் திரையில் ஓடும் பொம்மை என்ன சட்டை போட்டால் என்ன? (ஸ்விஃப்ட் என்ற அந்தச் செயலியில் 50,000 மீட்டர் ஏறும் சவாலை முடித்தால் கிடைக்கும் ஒளிரும் சக்கர சைக்கிளுக்காக நானும் மாதக்கணக்கில் ஏறினேன். அந்த வெட்கக்கேட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

என் விடியற்காலையை உண்மையிலேயே மாற்றியது, அந்தப் பட்டியலில் அடக்கமாக உட்கார்ந்திருந்த ‘மெய்நிகர் கியர்’. ஸ்விஃப்ட் இதை 2023இல் கொண்டுவந்தது. பின்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில், மிதிக்கும் எதிர்ப்பைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியான ஸ்மார்ட் ட்ரெய்னர். அதில் அடுக்கடுக்கான பற்சக்கரங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு பற்சக்கரம். சங்கிலி அதைவிட்டு நகர்வதே இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டிய சிறு பொத்தானை அழுத்தினால் செயலி கணக்குப் போட்டு, ட்ரெய்னரின் எதிர்ப்பைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. திரையில் 24 கியர்கள். சைக்கிளில் ஒன்றுகூட மாறுவதில்லை.

முதல் நாள் எனக்கு இது பித்தலாட்டமாகத்தான் பட்டது. ஆனால் காலை ஐந்து மணிக்கு மிதிக்கிறவன் நான்; அடுத்த அறையில் மகள் தூங்குகிறாள். முன்பெல்லாம் ஏற்றம் வந்ததும் முன்பக்கச் சங்கிலியைச் சிறிய வட்டுக்கு இறக்குவேன். கடகடவென்று ஒரு சத்தம். அவசரப்பட்டு, கால் அழுத்தத்தோடு மாற்றினால் சங்கிலி கழன்று சட்டத்தில் அடிக்கும். “அப்பா, அதற்கு எண்ணெய் போடுங்களேன்” என்று தூக்கத்திலேயே குரல் கொடுப்பாள். எண்ணெய்க்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்க ஐந்து மணி உகந்த நேரமல்ல. இப்போது கேட்பது மின்விசிறியும் என் மூச்சும் மட்டும்.

ஒரு குறை உண்டு. ட்ரெய்னருக்குள் ஃப்ளைவீல் என்ற கனமான சுழல்சக்கரம் ஒன்று சுற்றுகிறது. சாலையில் வண்டி தன்போக்கில் உருளும் உணர்வைத் தருவது அதுதான். உண்மையான கியரில் வேகமான பல்லுக்குப் போனால் ஃப்ளைவீலும் வேகமெடுக்கும். மெய்நிகர் கியரில் எந்த எண்ணுக்குப் போனாலும், மிதிக்கும் வேகம் மாறாதவரை ஃப்ளைவீலின் வேகமும் மாறாது. எனவே, சமதளத்தில் உயர்ந்த கியரில் போகும்போது ஈர மணலில் உருட்டுவதுபோல ஒரு மந்தம் தெரிகிறது. முன்சங்கிலியைப் பெரிய வட்டில் போட்டேன். உருளல் மேம்பட்டது, இரைச்சல் சற்றே கூடியது. சிறிய வட்டுக்கே திரும்பிவிட்டேன். மகளுக்குத் தேர்வு நேரம்.

ஏற்றத்தில் இந்த ஏற்பாட்டை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிரான்ஸின் ஆல்ப் துயெஸ் மலைப்பாதையைப் பார்த்துச் செய்த ‘ஆல்ப் டு ஸ்விஃப்ட்’ 12.2 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், மொத்த ஏற்றம் 1,036 மீட்டர். பழைய பல்வரிசையில் கடைசிப் பல்லைத் தொட்டபின் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். இப்போது கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று கியர் எப்போதும் மிச்சமிருக்கிறது. 71 கிலோ எடையும் 170 வாட் மிதிதிறனுமாக ஒரு மணி 24 நிமிடத்தில் ஏறினேன். பெருமைப்படும் நேரமல்ல, முழங்கால் வலிக்கவில்லை என்பதுதான் செய்தி.

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. ‘ட்ரெய்னர் கடினம்’ என்ற அமைப்பை 50 சதவீதத்தில் வைத்தால் 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 சதவீதம்போல் தெரியும். அதனால் மலை எளிதாகிவிடாது. மேலே போகும் நேரத்தைத் தீர்மானிப்பது வாட்டும் எடையும்தான். குறைவாக அழுத்தினால் அதிக நேரம் மிதிக்க வேண்டும், அவ்வளவே. இதை ஏமாற்று என்று திட்டுகிறவர்களோடு ஓராண்டு வாதாடினேன், இப்போது விட்டுவிட்டேன்.

திரையில் எந்நேரமும் ஒரே நிதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும், செயலியே ஓட்டும் ரோபோ துணைகளும் நல்லவைதான். அவற்றைச் சுற்றி எப்போதும் ஒரு கும்பல் இருக்கும். பேச வேண்டிய கட்டாயமில்லாத கும்பல்.

என்னை நிஜமாகவே உலுக்கியது வேறொன்று. எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட். அதை அறிய 20 நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, சராசரியில் 95 சதவீதம் எடுப்பார்கள். அல்லது நிமிடத்துக்கு நிமிடம் சுமை கூடும் படிச்சோதனையில், தாங்கிய கடைசி நிமிடத்தின் திறனில் 75 சதவீதம். இரண்டுக்கும் முந்தைய இரவே வயிறு கலங்கும். ட்ரெய்னர்ரோடு என்ற இன்னொரு பயிற்சிச் செயலி 2022இல் சோதனையே இல்லாமல், பழைய பயிற்சிகளைப் படித்து இந்த எண்ணைச் சொல்லத் தொடங்கியது. சோதனை தொலைந்தது என்று நானும் மகிழ்ந்தேன். சுயவிவரத்தில் மூன்றாண்டுகளாக 212 என்று எழுதிவைத்திருந்தேன். செயலி 198 என்றது.

பதினான்கு வாட். நம்ப மறுத்து, 212லேயே பயிற்சியைத் தொடர்ந்தேன். ஈஆர்ஜி முறையில் ட்ரெய்னர் குறித்த வாட்டைப் பிடிவாதமாகப் பிடித்துவைக்கும்; நாம் மெதுவானால் அது எதிர்ப்பைக் கூட்டும்; கூட்டியதால் இன்னும் மெதுவாவோம். மூன்றாவது சுற்றில் நிமிடத்துக்கு 85 மிதிகள் 70 ஆகி, 50 ஆகி, பெடல் சிமென்ட்டில் புதைந்ததுபோல் நின்றது. நான் பக்கவாட்டில் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலையே 198ஐ ஏற்றுக்கொண்டேன்.

அதன் பிறகும் முழுக்கத் திருந்தவில்லை. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கடினம் என்று ட்ரெய்னர்ரோடு கேட்கும். அந்தப் பதிலை வைத்து அடுத்த வாரத்தை மாற்றியமைக்கும். நான் இரண்டு வாரம் மூச்சிரைத்துக்கொண்டே ‘எளிது’ என்று அழுத்தினேன். யார் பார்க்கிறார்கள்? ஒருவருமில்லை. செயலி மட்டும் நம்பியது. எட்டு நிமிடக் கடும் சுற்றுகளைப் பன்னிரண்டாக்கியது, பிறகு பதினைந்து. தொழிலில் ஒரு ஒற்றுப்பிழைக்கு ஆசிரியரைத் தொலைபேசியில் துரத்துகிறவன், அங்கே வாரத்துக்கு மூன்று பொய்.

சென்ற வியாழக்கிழமை முதல்முறையாக ‘மிகக் கடினம்’ என்பதை அழுத்தினேன். வெள்ளிக்கிழமை பார்த்தபோது சனிக்கிழமைப் பயிற்சி மாறியிருந்தது: பதினைந்து நிமிடச் சுற்று, இப்போது பத்து.