இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய கதை

உயர்தரத்தை வவுனியாவில் தமிழ் மொழிமூலம் முடித்துவிட்டு, கொழும்பிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க வந்த எனக்கு, ஆய்வு வாய்ப்பு என்று எதுவும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுவதில்லை என்பது விளங்கவே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒட்டப்படுபவை பரீட்சை அட்டவணைகளும் பெறுபேறுகளும்தான். எனக்கு வழி காட்டியவர் எங்களுக்கு ஒரு வருடம் முன்னே படித்த அக்கா ஒருவர். "லீவுக்கு வீட்ட ஓடாத, லாபில போய் நில்லு" என்றார்.

போய் நின்றேன். முதல் மூன்று வாரமும் போத்தல் கழுவும் வேலைதான் கிடைத்தது. நீரின் ஒட்சிசனை அளக்கப் பயன்படும் 300 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல் ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் இருக்கும். அதே இலக்கம் அதன் மூடியிலும் இருக்கும். மூடி மாறினால் போத்தல் கொள்ளும் அளவும் மாறிவிடும் என்பதை, இருபது மூடிகளை ஒரே வாளியில் போட்டுக் கலக்கிய பிறகே தெரிந்துகொண்டேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அய்யா என்று அழைக்கும் சிங்கள அண்ணர், கோபிக்காமல் பக்கத்தில் அமர்ந்து அவற்றைச் சோடி சேர்த்துத் தந்தார். ஆய்வுகூடத்தில் எந்தக் கருவி வேலை செய்கிறது, எந்த இரசாயனம் கையிருப்பில் உண்டு, எந்த விரிவுரையாளரிடம் மாணவருக்கு இடம் இருக்கிறது என்பவை அவருக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. பிற்பாடு என்னை மேற்பார்வையாளரிடம் அழைத்துச் சென்றவரும் அவரே.

2021ஆம் ஆண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியதையும், மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதையும் கண்ட எங்கள் வகுப்பில் பாதிப்பேர் நுண்பிளாஸ்டிக்கையே ஆய்வுத் தலைப்பாகக் கேட்டார்கள், நானும் கேட்டேன். மேற்பார்வையாளர் மறுக்கவில்லை. "எடுக்கும் துணிக்கை பிளாஸ்டிக்தான் என்று எந்தக் கருவியில் உறுதிசெய்வீர்? அந்தக் கருவி உமக்கு எத்தனை நாள் கிடைக்கும்?" என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். அகச்சிவப்பு நிறமாலைமானிக்காகக் காத்திருந்தோரின் பட்டியலைப் பார்த்ததும் எனக்கே பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து, சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஓர் ஈரநிலத்தில் ஆய்வு செய்ய விரும்பினேன். கொழும்பு 2018ஆம் ஆண்டு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையாகிய ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டிருந்ததால் அத்தலைப்பு எடுபடும் என்று எண்ணினேன். ஆனால், பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு போத்தல் தண்ணீர் எடுக்கவும் எழுத்து மூல அனுமதி வேண்டும். நான் அனுப்பிய கடிதத்தில் எத்தனை மாதிரி, எந்த நாட்கள், எந்த இடங்கள் என்று எதுவுமே இருக்கவில்லை. விளக்கம் கோரி அது திரும்பி வந்தபோது ஆறு வாரம் கழிந்திருந்தது. பிழை முழுவதும் என்னுடையது.

இறுதியில் என் போர்டிங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த வெள்ளவத்தைக் கால்வாயே ஆய்வுக்களம் ஆயிற்று. இதைத் தோல்வியாக நான் எண்ணவில்லை. ஒரே காலையில் இரண்டு தடவை போய்வரக்கூடிய இடத்தையும், பழுதில்லாத கருவியையும் முதலில் தீர்மானித்துவிட்டுக் கேள்வியைப் பிறகு அமைப்பதே இளநிலைப் பட்ட ஆய்வுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அங்கே மழைக்கு முன்னும் பின்னும் நீரின் ஒட்சிசன் எப்படி மாறுகிறது என்பதே என் கேள்வி.

காலை ஆறு மணிக்குப் பாலத்திலிருந்து கயிறு கட்டிய வாளியை இறக்கி, நீரைக் குமிழி சேராதபடி இறப்பர்க் குழாயால் போத்தலின் அடிக்குச் செலுத்தி, நிரம்பி வழியவிட்டு மூடுவேன். டெங்குப் பரிசோதனைக்கு வந்திருக்கிறேனா என்று கேட்காமல் போனவர்கள் குறைவு. மும்மொழியிலும் இருந்த துறைக் கடிதம் அவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றியது. மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் சேர்த்தால், நீரில் ஒட்சிசன் இருக்குமிடத்துக் கபில நிற வீழ்படிவு உண்டாக வேண்டும். முதல் நாள் என் போத்தலில் பால்போல வெள்ளையாகத்தான் படிந்தது. இரசாயனம் பழுதாகிவிட்டது என்று பயந்து ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். அய்யா எதுவும் சொல்லாமல் குழாய் நீரை இன்னொரு போத்தலில் நிரப்பி, அதே இரசாயனங்களை விட்டார். அது கபிலமாக மாறிற்று. கால்வாய் நீரில் ஒட்சிசனே இல்லை. அன்று முதல் ஒவ்வொரு தடவையும் குழாய் நீர்ப் போத்தல் ஒன்றையும் உடன் வைத்தேன்.

நீரிலுள்ள சேதனக் கழிவை நுண்ணுயிர்கள் உடைக்க எவ்வளவு ஒட்சிசன் தேவை என்பதைக் காட்டும் பீ.ஓ.டி.யை அளப்பதற்கு மாதிரியை 20 பாகை செல்சியசில் ஐந்து நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால் நான் புதன்கிழமைகளில் மாதிரி எடுத்தேன். திங்களன்று எடுத்தால் முடிவு சனிக்கிழமை வரும், அன்று ஆய்வுகூடம் பூட்டு. இந்தக் கணக்கை 2022 மார்ச் மாதம் குலைத்தது. மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மாதிரிகளை அந்த 20 பாகையில் வைத்திருக்கும் இன்கியூபேற்றர் அறை வெப்பநிலைக்கு ஏறி, நான்கு வார மாதிரிகள் வீணாயின. நுண்ணுயிர்களுக்குப் பதிலாக இரசாயனத்தால் கழிவை ஒட்சியேற்றி அளக்கும், இரண்டு மணித்தியாலத்தில் சூடாக்கி முடிக்கக்கூடிய சீ.ஓ.டி.க்கு மாறி, மின்சாரம் இருக்கும் இடைவெளிகளுக்குள் வேலையைப் புகுத்தினோம். இரண்டும் ஒன்றல்ல, சீ.ஓ.டி. நுண்ணுயிர்கள் உடைக்க முடியாத சேதனப் பொருள்களையும் சேர்த்தே அளக்கும். ஆகவே எந்த வாரத் தரவுகளை ஏன் விலக்கினேன் என்பதை அறிக்கையில் தனிப் பந்தியாகவே எழுதினேன். டொலர் 200 ரூபாவிலிருந்து மே மாதத்தில் 360ஐத் தொட்டதால், புதிய இரசாயனம் வாங்கும் எண்ணத்தையும் கைவிட்டு, மாதிரி எண்ணிக்கையைக் குறைத்தோம்.

ஆங்கிலத்தில் எழுதுவது தனிச் சிரமம். முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பிறகே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். நான் சொல்ல வந்தது என்னவென்று எனக்கே தெளிவானது அப்போதுதான்.

வாய்மொழிப் பரீட்சையில் விலக்கிய தரவுகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று தயாராகிப் போயிருந்தேன். வெளிப் பரீட்சகர் அந்தப் பந்தியைத் தாண்டிப் போய், முதல் நாள் படத்தில் விரலை வைத்து, "இது ஒட்சிசன் இல்லாமையா, உமது இரசாயனம் பழுதா?" என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டி, கபில நிறத்தில் நின்ற குழாய் நீர்ப் போத்தலைக் காட்டினேன்.