ஊர்க் குறையைச் சட்டமன்றக் கேள்வியாக எழுதுவது எப்படி

கேரளத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழர்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் "தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் முடியும். மனுவுக்கு அது போதும். அந்த வாசகத்தையே சட்டமன்றத்தில் கேள்வியாகக் கொண்டுபோனால் பதில் வீணாகிவிடும்.

"தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை இருப்பது கவனத்துக்கு வந்திருக்கிறதா? என்ன நடவடிக்கை?" என்று கேட்டால், "வந்திருக்கிறது, நடவடிக்கை எடுத்து வருகிறோம்" என்று இரண்டே வரியில் பதில் வரும். அமைச்சர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டார். அதே கேள்வியை மறுபடி கொடுத்தால், ஏற்கெனவே பதில் தரப்பட்டது என்று தள்ளிவிட விதி இடம் கொடுக்கிறது.

நல்ல கேள்வி எழுத, அந்தக் காலியிடம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேரளத்தில் பள்ளிக்கூடத்துப் பணியிடங்களை, அதாவது தஸ்திகைகளை, ஆண்டுதோறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்குதான் அதற்கு அடிப்படை. காலி என்று தெரிந்த பணியிடத்தைக் கல்வித்துறை பி.எஸ்.சி.க்கு, அதாவது அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு, அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் தேர்வில் தேறியவர்களின் வரிசைப் பட்டியலான ரேங்க் லிஸ்டிலிருந்து ஆளுக்கு அட்வைஸ், அதாவது நியமனப் பரிந்துரை, போகும். ரேங்க் லிஸ்டின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அறிவிப்பு தாமதமாகி லிஸ்ட் காலாவதியானால், பணியிடம் இருக்கும், படித்து வரிசையில் நிற்பவர்களும் இருப்பார்கள், நியமனம் மட்டும் நடக்காது. தமிழ்வழி ஆசிரியர் பணியில் இன்னொரு முடிச்சும் உண்டு. இடஒதுக்கீட்டு வரிசையில் ஒரு பிரிவின் முறை வரும்போது அந்தப் பிரிவில் தமிழ்வழித் தகுதியுள்ள ஆள் கிடைக்காவிட்டால், அந்த இடம் என்.சி.ஏ. (ஆள் கிடைக்கவில்லை) என்று தனியாக மறு அறிவிப்புக்குப் போய்விடும். இடைக்காலத்தில் வகுப்பை நடத்துவது தினக்கூலி ஆசிரியர்.

இதெல்லாம் தெரிந்து எழுதினால் கேள்வி வேறு மாதிரி வரும். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழி எல்.பி. (தொடக்கநிலை), யு.பி. (நடுநிலை), ஹைஸ்கூல் பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பள்ளிவாரியாக எத்தனை? இந்தக் கல்வியாண்டின் ஆறாவது வேலை நாள் கணக்குக்குப் பிறகு காலியாக உள்ளவை எத்தனை? அவற்றில் பி.எஸ்.சி.க்கு அறிவிக்கப்பட்டவை எவை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில்? அறிவிக்காதவற்றுக்குக் காரணம் என்ன? தினக்கூலியில் இருப்பவர் எத்தனை பேர்? ஐந்து உட்பிரிவுகள். எதற்குமே "நடவடிக்கை எடுத்து வருகிறோம்" என்று பதில் எழுத முடியாது. ஒவ்வொன்றும் எண், தேதி, அல்லது காரணம் கேட்கிறது. இதில் தேதி கேட்கும் உட்பிரிவுக்குத்தான் அதிக பலம். எண்ணிக்கையை "தோராயமாக" என்று கொடுத்துவிடலாம். ஒரு கோப்பு எந்த நாளில் எந்த மேசையை விட்டு நகர்ந்தது என்பதற்குத் தோராயம் கிடையாது.

இந்தக் கேள்வியைக் கல்வி அமைச்சருக்குத்தான் அனுப்ப வேண்டும். பி.எஸ்.சி. எப்போது தேர்வு அறிவித்தது, லிஸ்ட் எப்போது வெளியானது என்பதையும் இதிலேயே சேர்த்துவிட்டால் சிக்கல். பி.எஸ்.சி. சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு முதலமைச்சருடையது. இரண்டையும் கலந்தால், கல்வித்துறை தன் பாதிக்குப் பதில் சொல்லி, மறுபாதியை "இத்துறையுடன் தொடர்புடையதல்ல" என்று விட்டுவிடும். இரண்டு துறை என்றால் இரண்டு கேள்வி.

எந்த அவையில் கேட்பது என்பதிலும் நம் பகுதியில் அடிக்கடி குழப்பம் வருகிறது. மூணாறு அருகே எஸ்டேட் பகுதியான பெட்டிமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் லயங்களோடு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு, 70 பேர் போனார்கள். அந்தத் துயரத்திலிருந்து எழும் கேள்விகள் ஒரே அமைச்சரிடம் போய் நிற்பதில்லை. தொழிலாளி குடியிருக்கும் லயம் எந்தச் சரிவில், என்ன நிலையில் இருக்கிறது என்பது மாநிலத் தொழில்துறைக் கேள்வியல்ல, தொழிலாளர் துறைக் கேள்வி. பேரிடர் எச்சரிக்கை எந்த வழியில் எஸ்டேட் வரை வந்து சேர்கிறது என்பது மாநில வருவாய்த் துறைக்கு. மழைமானியும் வானிலைக் கணிப்பும் ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு. மொபைல் டவர் ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறைக்கு. முதல் இரண்டை எம்.எல்.ஏ. கேட்கலாம், அடுத்த இரண்டையும் நாடாளுமன்றத்தில் எம்.பி.தான் கேட்க முடியும். சட்டமன்றத்தில் டவரைப் பற்றிக் கேட்டால், ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம் என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்காது.

டவர் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. 4ஜி எட்டாத ஊர்களுக்கு டவர் அமைக்க 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 24,680 கிராமங்கள் என்று கணக்கு. கணக்கின் அலகு கிராமம். மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் பெரும்பகுதி கண்ணன் தேவன் ஹில்ஸ் என்ற ஒரே வருவாய் வில்லேஜுக்குள் அடங்குகிறது. மூணாறு டவுனில் சிக்னல் இருந்தாலே வில்லேஜ் முழுவதும் சிக்னல் உள்ளதாகப் பட்டியலில் ஏறிவிட வாய்ப்புண்டு. ஆகவே எம்.பி.யிடம் கொடுக்கும் குறிப்பில் வில்லேஜ் பெயரோடு நிறுத்தக் கூடாது. எஸ்டேட், டிவிஷன், லயம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அங்கே இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை வரை எழுத வேண்டும். போன் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

சித்தூர்ப் பக்கம் கேள்வி தண்ணீர். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி நீரை அளக்கும் இடமான மணக்கடவில் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீராண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. "உரிய நீர் கிடைத்ததா" என்று கேட்டால் ஆண்டு மொத்தத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பருவமழைக் காலத்து வரத்து அந்த மொத்தத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் வாய்க்கால் காய்ந்தது அதில் தெரியாது. மாதவாரியாக மணக்கடவில் அளந்த அளவு, எந்தெந்த மாதத்தில் குறைந்தது, குறைந்தபோது கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தில் கேரளத் தரப்பு எந்தத் தேதியில் எழுத்தில் கேட்டது என்று போக வேண்டும். தமிழ்நாடு ஏன் திறக்கவில்லை என்று கேரள அமைச்சரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் பொறுப்பில் இல்லாத செயலைப் பற்றிய கேள்வி ஏற்கப்படாது.

வேறு எந்தக் கேள்வியெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்? நாடாளுமன்ற விதி இதில் தெளிவு: 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது; வாதம், பழிச்சொல், கிண்டல் கூடாது; "அப்படி நடந்தால்" என்ற கற்பனைக் கேள்வி கூடாது; அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது; நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது கூடாது. மக்களவையில் பொதுவாக 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பட்டியலில் ஓர் உறுப்பினருக்கு ஐந்து கேள்விக்கு மேல் இடமில்லை. அதில் நட்சத்திரக் குறியுள்ளது, அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது, ஒன்றுதான். அமைச்சகங்களுக்கு வார நாட்கள் பிரித்துக் கொடுத்திருப்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடிப் போய் மனுக் கொடுத்தால் அந்த அமைச்சகத்தின் முறை தாண்டிப் போயிருக்கும்.

நட்சத்திரக் கேள்விமேல் நம்மவர்களுக்கு மோகம் அதிகம். அவையில் எழுந்து கேட்பதை டிவியில் பார்க்கலாமே. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் வரும், வாய்மொழியாக எட்டுவது சிலதான். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை. எல்லாவற்றுக்கும் எழுத்துப் பதில். பள்ளிவாரி, டிவிஷன்வாரி அட்டவணை வேண்டுமென்றால் எழுத்துப் பதிலே நமக்கு லாபம். நட்சத்திரக் கேள்விக்கு வலிமை சேர்ப்பது, அமைச்சர் பதில் சொன்னதும் அதையொட்டி எழுப்பும் துணைக்கேள்வி. மக்களவையில் கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி கிடைக்கும். அட்டவணை முன்பே கையில் இருந்தால் துணைக்கேள்வி கூர்மையாக இருக்கும். ஆகவே முதலில் எழுத்துப் பதில், அடுத்த கூட்டத்தொடரில் நட்சத்திரம் என்ற வரிசையே நல்லது. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி 30 நாளில் வாங்கிய பதிலையும் இதற்கு அடித்தளமாக வைக்கலாம்.

கேரள சட்டமன்றத்தில் சப்மிஷன் என்றொரு வழியும் உண்டு. உள்ளூர் அவசரம், உதாரணமாக ஆஸ்பத்திரியில் மருத்துவர் இல்லை, சாலை அறுந்துவிட்டது என்றால் அதுவே சரி. அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார். கணக்குக் கேட்க அது உதவாது.

தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்திருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பெயர், எஸ்டேட் பெயரை மலையாளத்திலும் எழுதி, பள்ளிக் குறியீட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு டிவிஷன் இருக்கும் இடத்தில் பதில் தவறான பள்ளிக்கு வந்துவிடக் கூடாது.

பதில் வந்ததும் வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறோம். "விவரம் சேகரித்து வருகிறோம்", "பரிசீலனையில் உள்ளது" என்ற வரிகளை நாடாளுமன்றம் வாக்குறுதியாகவே எண்ணுகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க அரசு வாக்குறுதிகள் குழு 1953 முதல் இருக்கிறது. கேரள சட்டமன்றத்திலும் அதே பணிக்கு ஒரு குழு உண்டு. ஆகவே பதிலை அவையின் இணையதளத்திலிருந்து இறக்கி, கேள்வி எண், பதில் தந்த தேதி, அமைச்சரின் அந்த ஒரு வரி மூன்றையும் அப்படியே எடுத்தெழுதி, இதுவரை விவரம் வந்து சேரவில்லை என்று எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. வழியாகக் குழுவின் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். நகலைச் சம்பந்தப்பட்ட துறைச் செயலாளருக்கும் அனுப்புங்கள். பதிலைத் தயாரிக்கும் கோப்பு அவர் அலுவலகத்தில்தான் இருக்கும்.